பலகைக்கு முன்னால் பில்: தூய மின்சாரத்துக்கு மாறும் ஆலைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளி என் முன்னால் இரண்டு கரண்ட் பில்லை விரித்து வைத்தார். ஒன்று கூரையில் சோலார் போடுவதற்கு முந்தைய மாதத்து பில், இன்னொன்று போட்டு மூன்றாவது மாதத்து பில். யூனிட் நன்றாகவே இறங்கியிருந்தது. ஆனால் அவர் எதிர்பார்த்ததில் பாதிப் பணம்கூட மிச்சமாகவில்லை. "போட்டுக் கொடுத்தவங்க ஏமாத்திட்டாங்களாங்க?" என்று கேட்டார். யாரும் ஏமாற்றவில்லை. பலகைகள் சொன்னபடி மின்சாரம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தன. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டார், அவ்வளவுதான்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து ஆலைகளில் மின்சாரக் கணக்கு பார்ப்பது என் வேலை. தூய மின்சாரத்துக்கு மாற வேண்டுமா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. அதை விலையும் வெளிநாட்டு வியாபாரிகளும் முடிவு செய்துவிட்டார்கள். எதை முதலில் செய்வது, எதை எப்போது தள்ளிப் போடுவது என்பதில்தான் பணம் போகிறது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். உயரழுத்த இணைப்பு, அதாவது ஹெச்.டி. இணைப்பு உள்ள ஆலைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். தாழ்வழுத்த இணைப்பு உள்ள சிறு பட்டறைகளுக்கும் முதல் மூன்று படிகள் அப்படியே பொருந்தும்.

முதல் படி: பன்னிரண்டு மாத பில்லை எடுத்து வையுங்கள்

ஒரு மாத பில் போதாது. ஆடித் தள்ளுபடிக்கு முந்தைய ஓட்டம், தீபாவளி விடுமுறை, ஆர்டர் இல்லாத மாதம் எல்லாம் அதில் தெரிய வேண்டும் என்றால் முழு ஆண்டு பில் வேண்டும்.

ஹெச்.டி. பில்லில் பார்க்க வேண்டியவை நான்கு. யூனிட் கட்டணம் இப்போது ஏழு, ஏழரை ரூபாய் அளவில் இருக்கிறது. மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அவ்வப்போது மாற்றுவதால் கடைசி ஆணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது டிமாண்ட் கட்டணம். ஒரே நேரத்தில் அதிகபட்சம் இவ்வளவு இழுப்பேன் என்று வாரியத்தோடு எழுதிக்கொள்ளும் அளவுதான் ஒப்பந்தத் தேவை, அதை கேவிஏ என்ற அலகில் சொல்வார்கள். கேவிஏ ஒன்றுக்கு மாதம் 600 ரூபாயை ஒட்டி. ஆலை மூடிக் கிடந்தாலும் ஒப்பந்தத் தேவையில் பெரும்பகுதிக்கு இதைக் கட்டியே ஆக வேண்டும். மூன்றாவது, உச்ச நேரக் கட்டணம். காலை 6 முதல் 10 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் ஓடுகிற யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல். இரவு 10 முதல் காலை 5 வரை சிறு தள்ளுபடி உண்டு. நான்காவது பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கிற மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்கிற பங்கு. 0.90க்குக் கீழே இறங்கினால் அபராதம்.

இந்த நான்கையும் மாதவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். கம்ப்யூட்டர்கூட வேண்டாம். நிறைய ஆலைகளில் ஒப்பந்தத் தேவை 500 கேவிஏ என்று வாங்கி வைத்துவிட்டு, ஆண்டு முழுக்க 380ஐத் தாண்டாமல் ஓடுகிறார்கள். அந்த இடைவெளிக்கு மாதாமாதம் சும்மா பணம் கட்டுகிறார்கள். ஒரு கடிதம் எழுதி ஒப்பந்தத்தைக் குறைத்தால் அந்தச் செலவு நின்றுவிடும். அதில் தூய மின்சாரம் எதுவும் இல்லைதான், ஆனால் அடுத்த படிக்கான முதல் பணம் அங்கிருந்துதான் வரும்.

இரண்டாம் படி: உங்கள் ஆலை எந்த நேரத்தில் மின்சாரம் சாப்பிடுகிறது?

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற கேள்வி.

தைக்கிற கம்பெனி காலை எட்டரைக்குத் திறந்து இரவு எட்டு மணிக்கு மூடும், ஞாயிறு விடுமுறை. அதன் பசியும் சூரியன் வரும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. நூற்பாலை அப்படி இல்லை. மூன்று ஷிப்ட், வாரம் ஏழு நாள், ராத்திரி இரண்டு மணிக்கும் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷின் சுற்றிக்கொண்டிருக்கும். கூரை முழுக்கப் பலகை போட்டாலும் அதன் தேவையில் ஒரு சிறு பங்குதான் வரும். அதற்குக் காற்று வேண்டும். உலோகத்தை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரி என்றால் கதை வேறு. ஃபர்னஸ் ஓடும்போது ஏறி, ஊற்றும்போது இறங்கி, பல்லுப்பல்லாக இருக்கும் அதன் தேவை.

மின்வாரிய மீட்டரிலிருந்து 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு எடுக்க முடியும். அதைக் கேட்டு வாங்கி, ஒரு சாதாரண வேலைநாள், ஒரு ஞாயிறு, ஒரு பண்டிகை நாள் என மூன்று கோடுகளை ஒரே தாளில் வரையுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கோடு பூஜ்ஜியத்துக்கு வராமல் 40, 50 கிலோவாட்டில் நின்றால், ஆலை தூங்கும்போதும் ஏதோ ஒன்று விழித்துக்கொண்டு மின்சாரம் இழுக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடிப் போவதுதான் அடுத்த வேலை.

மூன்றாம் படி: கசிவை அடைத்த பிறகுதான் கூரைக்கு ஏற வேண்டும்

ஒரு ஆலையில் வார விடுமுறை அன்று ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். எல்லா மெஷினையும் நிறுத்தியாயிற்று. மெஷின்களுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டோம். காற்றை எடுக்க எந்த மெஷினும் இல்லை என்பதால், பைப்பில் அழுத்தம் ஏறியதும் கம்ப்ரஸர் லோடு விட்டு, அதாவது காற்றை அழுத்தாமல், சும்மா இருக்க வேண்டும். ஆனால் அது 90 விநாடி லோடு எடுக்கும், 180 விநாடி சும்மா இருக்கும், மறுபடியும் லோடு எடுக்கும். கையில் கடிகாரத்தோடு பத்து தடவை எழுதினேன், மாறவே இல்லை. மூன்றில் ஒரு பங்கு நேரம் அந்த கம்ப்ரஸர் ஓட்டைக்காகவே ஓடியது.

மெஷின் சத்தம் இல்லாத ஆலையில் கசிவு எப்படிக் கேட்கும் தெரியுமா? புல்லுக்குள் பாம்பு சீறுகிற மாதிரி, ஒவ்வொரு மூலையிலிருந்தும். ஃபிட்டர் தம்பி ஒரு டப்பாவில் சோப்புத் தண்ணீரும் பிரஷுமாக முன்னால் போனார். "அண்ணே, இங்க கேளுங்க", "அண்ணே, இந்த ஹோஸைத் தொட்டுப் பாருங்க" என்று காட்டிக்கொண்டே வந்தார். விடியற்காலைக்குள் நூறுக்கு மேல் இடங்களில் சாக்பீஸ் குறி போட்டுவிட்டோம்.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 300 கன அடி, அதாவது 300 சி.எஃப்.எம்., காற்று தரும் கம்ப்ரஸர், மூன்றில் ஒரு பங்கு கசிவு என்றால் 100 சி.எஃப்.எம். அவ்வளவு காற்றை அழுத்த ஏறக்குறைய 18 கிலோவாட் வேண்டும். நாளெல்லாம், ஆண்டுக்கு 350 நாள் என்றால் சுமார் 1,50,000 யூனிட். நம் ஊர் வெயிலில் 100 கிலோவாட் சோலார் ஓர் ஆண்டு முழுக்கத் தருவதும் ஏறக்குறைய இதே அளவுதான். பத்தாயிரம் சதுர அடிக் கூரையில் பரப்பி வைக்கிற பலகைகளின் உழைப்பு முழுவதையும் அந்த ஹோஸ் ஓட்டைகள் குடித்துக்கொண்டிருந்தன. கசிவை முழுக்க அடைக்க யாராலும் முடியாது. பத்து சதவீதத்துக்குள் கொண்டுவந்து அங்கேயே நிறுத்தி வைத்தால் நல்ல ஆலை.

அழுத்தத்தையும் பாருங்கள். மெஷினுக்கு 6 பார் போதும் என்றால் 7 பாரில் ஓட்டாதீர்கள். ஒரு பார் குறைத்தால் கம்ப்ரஸர் எடுக்கிற மின்சாரத்தில் ஆறேழு சதவீதம் குறையும்.

நூற்பாலைகளில் ஈரப்பதம் கொடுக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட் மின்விசிறிகள் இன்னொரு இடம். விசிறியின் வேகத்தை 80 சதவீதத்துக்கு இறக்கினால் அது எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மழைக்காலத்தில் முழு வேகம் தேவைப்படாத அந்த விசிறிகளுக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. கருவி போட்டால், போட்ட பணம் வேகமாகத் திரும்பும். பலமுறை ரீவைண்டிங் செய்த பழைய மோட்டார்களை மின்சாரம் குறைவாக எடுக்கும் ஐ.இ.3 அல்லது ஐ.இ.4 தர மோட்டாராக மாற்றுவது, ஆலை முழுக்க எல்.இ.டி. போடுவது எல்லாம் தெரிந்த வேலைகள்தான்.

இதை வெளியாள் வந்து அளந்து சொன்னால்தான் முதலாளிகள் நம்புகிறார்கள். அதனால் அங்கீகாரம் பெற்ற எரிசக்தித் தணிக்கையாளரை அழையுங்கள். சிறு, குறு, நடுத்தர ஆலைகளுக்குத் தணிக்கைச் செலவில் பெரும்பகுதியையும், மெஷின் மாற்றும் செலவில் ஒரு பகுதியையும் திருப்பித் தருகிற தமிழ்நாடு அரசின் 'பீஸ்' திட்டம் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்க வேண்டும். மத்திய எரிசக்தித் திறன் பணியகம் 2025இல் தொடங்கிய 'அதீத்தி' திட்டத்தில் குறு, சிறு ஆலைகளின் கடனுக்கு 5 சதவீதமும் நடுத்தர ஆலைகளுக்கு 3 சதவீதமும் வட்டிச் சலுகை உண்டு. எல்லாத் தொழிலுக்கும் எல்லா ஊருக்கும் கிடையாது, உங்கள் தொழில் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நான்காம் படி: கூரைச் சோலார்

சரி, இப்போது கூரைக்கு ஏறலாம்.

பலகை பிடிப்பதற்கு முன்னால் கூரையைப் பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அதன் மேல் போடாதீர்கள். அதில் ஆள் நடப்பதே ஆபத்து. ஷீட்டை மாற்றும் செலவையும் சோலார் கணக்கிலேயே சேர்த்துப் பாருங்கள். கோவையின் பழைய மில்களில் ரம்பப் பல் மாதிரி இருக்கும் நார்த் லைட் கூரை ஒரு வரம். கண்ணாடி வடக்கே பார்க்கும், ஷீட் சரிவு தெற்கே பார்க்கும். நம் ஊரில் பலகை பார்க்க வேண்டிய திசையும் தெற்குதான். ஆனால் இரும்புத் தாங்கிகளின் வயதைக் கட்டடப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

அளவுக் கணக்கு எளிது. ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி. நாளுக்கு சராசரி 4 யூனிட், ஆண்டுக்கு 1,400 முதல் 1,500 யூனிட். பலகையின் திறன் ஆண்டுக்கு அரை சதவீதம் சுற்றி இறங்கிக்கொண்டே போகும். பலகை தரும் மின்சாரத்தை ஆலை மெஷின்களுக்கு ஏற்ற ஏ.சி. மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரைப் பத்து, பன்னிரண்டு ஆண்டில் ஒருமுறை மாற்ற வேண்டி வரும், அதற்கும் பணம் ஒதுக்குங்கள்.

எத்தனை கிலோவாட் போடுவது? கூரை எவ்வளவு இடம் தருகிறதோ அவ்வளவு என்று முடிவு செய்பவர்கள்தான் அதிகம். அது தவறு. வீட்டுக்காரர்களைப் போல, வெளியே அனுப்பிய யூனிட்டும் வாங்கிய யூனிட்டும் ஒன்றுக்கு ஒன்று கழியும் வசதி ஆலைகளுக்கு இங்கே இல்லை. நீங்கள் பயன்படுத்தாமல் வெளியே போகும் யூனிட்டுக்குக் கிடைப்பது நீங்கள் வாங்கும் விலையைவிட மிகக் குறைவு. ஞாயிறு விடுமுறை விடும் கம்பெனியில் ஏழில் ஒரு பங்கு உற்பத்தி அப்படித்தான் போகும். அதனால் இரண்டாம் படியில் வரைந்த கோட்டை எடுத்து, பகல் பத்து மணி முதல் மூன்று மணி வரை ஆலை எப்போதும் எடுக்கிற குறைந்தபட்ச அளவைப் பாருங்கள். அதைச் சுற்றித்தான் பலகையின் அளவு இருக்க வேண்டும். கூரைச் சோலாருக்கு மின்வாரியம் வாங்கும் நெட்வொர்க் கட்டணத்தையும் மறக்காதீர்கள். சிறு தொழிலுக்கான சலுகைகள் ஆணைக்கு ஆணை மாறியிருக்கின்றன, ஒப்பந்தம் போடும் அன்றைக்கு நடப்பில் உள்ளதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

இப்போது அந்தத் திருப்பூர் பில்லுக்கு வருகிறேன். கம்பெனியின் பகல் தேவை 200 கிலோவாட், பவர் ஃபேக்டர் 0.95. நல்ல நிலை. 120 கிலோவாட் சோலார் போட்டார்கள். பலகை கொடுப்பது வேலை செய்கிற மின்சாரம் மட்டும்தான். மோட்டார்களுக்குக் காந்தப்புலம் உண்டாக்கத் தேவைப்படும் ரியாக்டிவ் பங்கை முன்போலவே மின்வாரியத்திடமிருந்துதான் இழுத்தார்கள். அந்தப் பங்கு 66 கேவிஏஆர், அதில் மாற்றம் இல்லை. ஆனால் பலகை முழு அளவு கொடுக்கும் நேரத்தில் வாரியத்திடமிருந்து வாங்கும் கிலோவாட் 200இலிருந்து 80 ஆகிவிட்டது. 80க்கு 66 என்றால் மீட்டரில் பவர் ஃபேக்டர் 0.77! மெஷின் எதுவும் கெடவில்லை, யாரும் தப்பு செய்யவில்லை, ஆனால் மாத சராசரி 0.90க்குக் கீழே இறங்கி அபராதம் ஏறிவிட்டது.

தீர்வு சின்னதுதான். ரியாக்டிவ் பங்கை ஆலைக்குள்ளேயே கொடுக்கும் கெபாசிட்டர் பேங்கை நடத்துவது ஒரு ரிலே. அது மின்னோட்டத்தை அளக்கப் பயன்படுத்தும் சி.டி.யைச் சோலார் வந்து சேரும் இடத்துக்கு மேலே, மீட்டர் பக்கமாக மாற்றிப் பொருத்தி, இரண்டு கெபாசிட்டர் கூடுதலாகப் போட்டோம். இன்வெர்ட்டரிலேயே ரியாக்டிவ் பங்கு கொடுக்கும் செட்டிங்கும் உண்டு, அதையும் திறந்தோம். அடுத்த பில்லில் அபராதம் இல்லை. பலகை ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்திருந்தால் மூன்று மாத அபராதம் மிச்சம்.

அந்த முதலாளிக்கு இன்னொரு ஏமாற்றமும் இருந்தது. டிமாண்ட் கட்டணம் குறையவே இல்லை. குறையாது. மேகம் மூடிய ஒரு மதியத்திலோ மாலை ஆறரைக்கோ ஆலை முழு அளவை வாரியத்திடமிருந்து இழுத்தால், அந்த அரை மணி நேரம்தான் மாதம் முழுக்கக் கணக்கு. விற்க வருகிறவர்கள் பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, "யூனிட் உங்களுக்கு ஒன்பதரை ரூபாய் ஆகுது, அத்தனையும் மிச்சம்" என்பார்கள். சோலார் மிச்சப்படுத்துவது யூனிட் கட்டணத்தை மட்டும். காலை எட்டு முதல் பத்து வரை வரும் யூனிட்டுகள் உச்ச நேரத்தில் விழுவதால் அதற்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் லாபம்.

பிறகு அனுமதிகள். மின்வாரியத்தில் விண்ணப்பம், அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள பலகைகளா என்ற சரிபார்ப்பு, மின் ஆய்வுத்துறையின் பாதுகாப்புச் சான்று, மீட்டர் மாற்றம். எல்லாவற்றுக்கும் நாள் பிடிக்கும். பலகையை இறக்கி வைத்துவிட்டு அனுமதிக்கு அலைந்தால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

ஐந்தாம் படி: யார் பணம்?

உங்களிடம் லாபம் இருந்து வருமான வரி கட்டுகிறீர்கள் என்றால் சொந்தப் பணத்தில் அல்லது வங்கிக் கடனில் போடுவதே நல்லது. சோலார், காற்றாலைக் கருவிகளுக்கு ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானம் எழுதலாம். 2025 செப்டம்பர் 22 முதல் பலகைக்கான ஜி.எஸ்.டி.யும் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது.

கையில் பணம் இல்லை என்றால் வேறொரு நிறுவனம் தன் செலவில் உங்கள் கூரையில் பலகை போட்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று 15 முதல் 25 ஆண்டுகள் விற்கும். கேட்க இனிப்பாக இருக்கும். கையெழுத்துக்கு முன்னால் சில பக்கங்களை மட்டும் திரும்பத் திரும்பப் படியுங்கள். நீங்கள் எடுக்காத யூனிட்டுக்கும் பணம் கட்ட வேண்டுமா? ஆண்டுக்கு ஆண்டு விலை ஏறுகிறதா? கூரை ஒழுகினால் யார் பொறுப்பு? ஷெட்டை இடித்துக் கட்ட வேண்டி வந்தால், பாதியில் விலகினால், எவ்வளவு கொடுக்க வேண்டும்? வாடகைக் கட்டடத்தில் இருப்பவர்கள் கட்டட உரிமையாளரையும் ஒப்பந்தத்தில் சேர்க்காமல் தொடவே கூடாது.

ஆறாம் படி: காத்தாடியும் குரூப் கேப்டிவும்

மூன்று ஷிப்ட் ஓடும் ஆலைக்கு உண்மையான மாற்றம் இங்கேதான் நடக்கிறது.

இதில் நம் ஊர் ஆலைகள் புதிதல்ல. 1986இல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் சோதனைக் காற்றாலைகள் வந்தன. 1990களில் வரிச்சலுகையைப் பார்த்து நூற்பாலைகள் காத்தாடி நட்டன. 2008க்குப் பிறகு வந்த மின்வெட்டு ஆண்டுகளில் அந்தக் காத்தாடிகள்தான் எத்தனையோ மில்களைக் காப்பாற்றின. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக உடுமலை, பல்லடம் பக்கமும், செங்கோட்டை வழியாகத் தென்காசிப் பக்கமும், ஆரல்வாய்மொழி வழியாக முப்பந்தல் பக்கமும் புகுந்து அடிக்கும். மே முதல் செப்டம்பர் வரை சீசன். மற்ற மாதங்களில் காத்தாடி பெரும்பாலும் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

அதனால்தான் பேங்கிங் என்ற ஏற்பாடு இவ்வளவு முக்கியம். சீசனில் வந்த உபரி யூனிட்டை வாரியத்திடம் போட்டு வைத்து, காற்று இல்லாத மாதத்தில் எடுத்துக்கொள்வது. 2018 மார்ச் 31க்குள் ஓடத் தொடங்கிய காற்றாலைகளுக்குத்தான் ஏப்ரல் முதல் மார்ச் வரை முழு ஆண்டு பேங்கிங் உண்டு. அதற்குப் பிறகு வந்தவற்றுக்கு அந்த வசதி இல்லை. பழைய காத்தாடியை விலைக்கு வாங்கப் போகிறவர்கள் மெஷினின் வயதோடு இந்தத் தேதியையும் பாருங்கள். பழைய 225, 250 கிலோவாட் காத்தாடியை எடுத்துவிட்டுப் பெரிய மெஷின் நட்டால் அதே இடத்தில் பல மடங்கு மின்சாரம் வரும். ஆனால் பழைய பேங்கிங் உரிமை அதோடு வருமா என்று எழுத்தில் உறுதி செய்துகொள்ளாமல் இறங்காதீர்கள்.

சொந்தமாகக் காத்தாடி நட முடியாதவர்களுக்கு குரூப் கேப்டிவ். 2003 மின்சாரச் சட்டமும் 2005 மின்சார விதிகளும் இதை அனுமதிக்கின்றன. பல ஆலைகள் சேர்ந்து ஒரு மின் நிலையத்தில் ஓட்டுரிமையுள்ள பங்கில் குறைந்தது 26 சதவீதம் வைத்திருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தை அவர்களே பயன்படுத்த வேண்டும். ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஏற்ற விகிதத்தில் பயன்படுத்த வேண்டும், பத்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். இந்த நிபந்தனைகள் நிறைவேறினால் வெளியாரிடம் மின்சாரம் வாங்குகிறவர்கள் கட்டுகிற குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் உங்களுக்குக் கிடையாது. லாபம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ஆபத்தும் அங்கேதான். நிபந்தனை தவறினால் அந்த ஆண்டின் மொத்த உற்பத்தியும் கேப்டிவ் என்ற தகுதியை இழக்கும், கூடுதல் கட்டணம் பின்தேதியிட்டு வரும். ஐந்து ஆலை சேர்ந்த ஒரு குழுவில், நூல் விற்காத ஆண்டில் இரண்டு ஆலை ஷிப்ட்டைக் குறைத்தால் மற்ற மூவருக்கும் வினை. ஆகவே யாரோடு சேருகிறீர்கள் என்பது காத்தாடியின் பிராண்டைவிட முக்கியம். உங்கள் மோசமான ஆண்டின் யூனிட்டை வைத்துப் பங்கு எடுங்கள், நல்ல ஆண்டை வைத்து எடுக்காதீர்கள். கணக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. டிசம்பரிலேயே ஒருமுறை உட்கார்ந்து விகிதம் சரியாகப் போகிறதா என்று பாருங்கள். மார்ச் கடைசி வாரத்தில் பார்த்தால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

விலை பேசும்போது ஒரே ஒரு கேள்வி: "என் மீட்டருக்கு வந்து சேரும்போது என்ன விலை?" காத்தாடி அடியில் நான்கு ரூபாய் என்பார்கள். மின்சாரத்தை வாரியத்தின் கம்பி வழியாகக் கொண்டுவருவதற்கான டிரான்ஸ்மிஷன் கட்டணம், வீலிங் கட்டணம், வழியில் போகும் இழப்பு, பங்குக்குப் போட்ட பணத்தின் வட்டி எல்லாம் சேர்ந்த பிறகு எவ்வளவு என்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். மதியம் வரும் சோலார் யூனிட்டை மாலை உச்ச நேரத்தில் கழிக்க முடியுமா என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.

2022இல் வந்த பசுமை எரிசக்தி ஓப்பன் ஆக்சஸ் விதிகள் வழியாக 100 கிலோவாட் ஒப்பந்தத் தேவை உள்ளவர்களும் வெளியிலிருந்து பசுமை மின்சாரம் வாங்கலாம். அதற்கு முன்பு ஒரு மெகாவாட் வேண்டும். நடுத்தர ஆலைகளுக்கு இது பெரிய கதவு.

ஏழாம் படி: பாய்லரை மறந்துவிட்டீர்களே

"எங்க கம்பெனி முழுக்க கிரீன் எனர்ஜிங்க" என்று சொன்ன ஒரு சாயப்பட்டறையின் பின்பக்கம் போனால், லாரி லாரியாக விறகு இறங்கிக்கொண்டிருந்தது. சாயப்பட்டறையில் பெரும்பகுதி எரிசக்தி வெப்பமாகத்தான் போகிறது. சாயத் தொட்டிக்கு நீராவி, துணியை விரித்துக் காய வைக்கும் ஸ்டென்டருக்கு எண்ணெயைச் சூடாக்கி அனுப்பும் தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டர், டிரையர், எல்லாம் நெருப்பு. மின்சாரம் மட்டும் மாறினால் பாதி வேலைகூட முடியவில்லை.

விறகு தூய எரிபொருளா? மரம் திரும்ப வளர்ந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். சீமைக்கருவேலம், தென்னை மட்டை, முந்திரி ஓடு, கடலைத் தோல் பிரிக்கெட் என்றால் தைரியமாகச் சொல்லலாம். எங்கிருந்து வந்தது என்றே தெரியாத மரம் என்றால் சொல்ல முடியாது. வெளிநாட்டு வியாபாரியின் தணிக்கைக்காரர் இப்போது விறகு பில்லையும் கேட்கிறார்.

எரிபொருளை மாற்றுவதற்கு முன் குறைப்பதுதான் இங்கேயும் வழி. நீராவி குளிர்ந்து திரும்பும் சுடுநீரைச் சாக்கடையில் விடாமல் பாய்லருக்கே கொண்டுவாருங்கள். பாய்லருக்குள் போகும் தண்ணீர் 6 டிகிரி சூடாக இருந்தால் ஒரு சதவீத எரிபொருள் மிச்சம். 35 டிகிரியில் போனது 80 டிகிரியில் போனால் ஏழு சதவீதத்துக்கு மேல். புகைபோக்கியில் போகும் புகையின் சூடு 22 டிகிரி குறைந்தாலும் ஒரு சதவீதம். நீராவிக் குழாயில் சேரும் தண்ணீரை மட்டும் வெளியே விட்டு நீராவியைத் தடுக்கும் ஸ்டீம் ட்ராப் ஒவ்வொன்றையும் மாதம் ஒருமுறை சோதியுங்கள். திறந்தபடி மாட்டிக்கொண்ட ஒரு ட்ராப், ராத்திரியும் பகலும் நீராவியை வீணாக விட்டுக்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது.

திருப்பூருக்கு இன்னொரு சுமை உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்கு ஊரே மாறியது. நொய்யல் ஆற்றுக்கு அது தேவைப்பட்டது. ஆனால் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்குகிற எவாப்பரேட்டர்கள் நீராவியையும் மின்சாரத்தையும் ஏராளமாக விழுங்குகின்றன. இங்கே ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆவியையே அழுத்தித் திரும்பப் பயன்படுத்தும் எம்.வி.ஆர். எவாப்பரேட்டர் வைத்தால் நீராவித் தேவை மின்சாரத் தேவையாக மாறும். மின்சாரம் ஆகிவிட்டால் அதைக் காத்தாடி கொடுக்கும். 60, 70 டிகிரி சுடுநீர் போதும் என்கிற வேலைகளுக்கு ஹீட் பம்பும் இதே வழிதான். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம் தரும்.

எட்டாம் படி: கணக்கைக் காட்டத் தெரிய வேண்டும்

நம் நாட்டு கிரிட் மின்சாரம் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 100 கிலோவாட் கூரைச் சோலார் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 100 டன் தவிர்க்கிறீர்கள். இதை வியாபாரிக்குச் சொல்ல வேண்டும் என்றால் மீட்டர் பதிவு, வீலிங் கணக்கு, விறகு பில், டீசல் பில் எல்லாம் மாதவாரியாக இருக்க வேண்டும். காத்தாடி ஒப்பந்தத்தில் பசுமைச் சான்றின் உரிமை உங்களுடையது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மின்சாரத்தை உங்களுக்கும் சான்றை வேறொருவருக்கும் விற்றிருந்தால் நீங்கள் பசுமை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி 2023 அக்டோபரில் கணக்குக் கொடுக்கும் கட்டமாகத் தொடங்கி, 2026 ஜனவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. துணிக்கு அது இப்போது இல்லை. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்கு உண்டு. எஃகுப் பட்டியலில் போல்ட், நட், திருகாணிகளும் இருக்கின்றன. ஐரோப்பாவுக்கு அவற்றை அனுப்பும் பட்டறைகள் கணக்கு எழுத இன்னும் தொடங்கவில்லை என்றால் இன்றைக்கே தொடங்க வேண்டும்.

ஜெனரேட்டரும் பேட்டரியும்

ஒரு லிட்டர் டீசலில் மூன்றரை யூனிட் வந்தால் பெரிது. யூனிட் 25 ரூபாய்க்கு மேல் ஆகிறது. அடிக்கடி ஜெனரேட்டர் ஓடும் ஆலையில் பேட்டரி வைப்பது இப்போது கணக்குக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வீணாகும் சோலாரையும் மதிய உபரியையும் சேர்த்து வைத்து மாலை உச்ச நேரத்தில் எடுக்கலாம். ஆனால் உச்ச நேரக் கூடுதல் கட்டணத்தை மட்டும் மிச்சப்படுத்த பேட்டரி வாங்குவதை நான் இன்னும் யாருக்கும் சொல்வதில்லை. யூனிட்டுக்கு ஒன்றே முக்கால் ரூபாய் மிச்சத்தில் அந்த விலை திரும்பி வர ரொம்ப நாளாகும்.

கடைசிப் படி: பலகையைத் துடைக்கிறவர்

எல்லாம் முடிந்த பிறகு கூரையில் ஒரு ஆள் வேண்டும். நூற்பாலைக் கூரையில் பஞ்சுத் தூசி பலகைமேல் படிந்து, பனியில் நனைந்து, வெயிலில் காய்ந்து ஒட்டடை மாதிரி ஒட்டிக்கொள்ளும். சும்மா மழை பெய்தால் போகாது. போர்வெல் உப்புத் தண்ணீரில் கழுவினால் வெள்ளைக் கறை படிந்து தூசியைவிட மோசமாகும். ஆர்.ஓ. தண்ணீர், மெல்லிய பிரஷ், வெயில் ஏறுவதற்கு முன் காலை ஏழு மணிக்குள். சூடான பலகையில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம். கூரையில் நடப்பதற்கு நடைபாதையும் இடுப்பில் கட்டுவதற்குக் கயிறும் கட்டாயம். தண்ணீர் பட்ட ஷீட்டில் கால் வழுக்கினால் ஒரு குடும்பமே விழும்.

துடைக்கிறவரிடமே ஒரு நோட்டும் கொடுங்கள். தினமும் மாலை இன்வெர்ட்டரில் வரும் யூனிட்டை, போட்ட கிலோவாட்டால் வகுத்து எழுதச் சொல்லுங்கள். நல்ல வெயில் நாளில் நாலரை, ஐந்து வரும். மூன்று நாள் தொடர்ந்து வெயில் அடித்தும் மூன்றரையில் நின்றால் வரிசையாக இணைத்த பலகைகளின் ஒரு தொடருக்கான ஸ்ட்ரிங் ஃபியூஸ் போயிருக்கும், அல்லது பக்கத்தில் புதிதாக எழுந்த தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்திருக்கும். நான் மேலே சொன்ன திருப்பூர் கம்பெனியில் அந்த நோட்டை எழுதுவது ஒரு செக்யூரிட்டி அண்ணன். போன மாதம் அவர்தான் போன் செய்தார்: "சார், நேத்துல இருந்து நாலு வரலைங்க, என்னன்னு பாருங்க." போய்ப் பார்த்தால் ஒரு கேபிளை அணில் கடித்திருந்தது.